பனி வருமென்று சிரித்துக்கொண்டே சொன்னாள்

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து, ஊர் ஒரு கண் அயர்ந்து எழுந்திருக்கும் நேரத்துக்குத் துறைமுக அலுவலகத்தின் மாடியிலிருந்து ஒலிபெருக்கி ஒருமுறை கரகரக்கும். அவ்வளவுதான், எல்லாரும் இருந்தது இருந்தபடி நின்றுவிடுவார்கள். வலை தைத்துக்கொண்டிருந்தவர் ஊசியோடு நிற்பார். காப்பிக் கடையில் வாய்வரைக்கும் போன கோப்பை பாதி வழியில் நிற்கும். யாராவது இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தால்கூட, இது முடியட்டும், அப்புறம் உன்னைக் கவனித்துக்கொள்கிறேன் என்று ஒருவருக்கொருவர் தவணை கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஆமாம், கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார்கள். வானிலை அறிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிற ஊரை நீங்கள் வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா?

வாசிக்கிறவளை ஊர் வானிலை அக்கா என்றுதான் கூப்பிடும். அவளைவிடப் பதினைந்து வயது மூத்த படகுக்காரருக்கும் அவள் அக்காதான். தலைமை அலுவலகத்திலிருந்து அடுத்த வாரத்துக்கான முன்னறிவிப்பு வரும். அழுத்தம், தாழ்வு நிலை, ஈரப்பதம் என்று வாயில் நுழையாத சங்கதியெல்லாம் அதில் இருக்கும். அதை அவள் உட்கார்ந்து, படகு ஓட்டுகிறவனுக்கும் துணி காயப்போடுகிறவளுக்கும் புரிகிற பேச்சாக மாற்றி எழுதுவாள். எழுதியதை இரண்டு முறை முணுமுணுத்துப் பார்ப்பாள். அப்புறம் மைக்கைத் தட்டிவிட்டு, உப்புப் படிந்த ஜன்னல் வழியே கீழே பார்ப்பாள். கண் மூடி நிற்கிற அத்தனை பேரையும் பார்த்ததும் அவளுக்கு மனசு நிறைந்துவிடும். நம்முடைய வார்த்தைக்கு எவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொள்வாள்.

பாவம். அவளுடைய வார்த்தையை அங்கே ஒரு ஜென்மமும் கேட்கவில்லை. அவர்கள் கேட்டது குரலை.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், சில வருஷங்களுக்கு முன்னால் இதே மாதிரி ஒரு வசந்த காலம். வாரம் முழுக்கக் கடல் அமைதி என்று அவள் வாசித்தாள். ஆனால் குரல் நடுங்கியது. 'அமைதி' என்ற இடத்தில் இரண்டு முறை உடைந்தது. கரையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா வாய் ஒன்று சொல்கிறது, மனசு வேறொன்று சொல்கிறது என்று பாதிப் பேர் படகை எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை எந்தக் காகிதத்திலும் இல்லாத ஒரு சூறைக்காற்று அடித்தது பாருங்கள், போன படகுகள் திரும்பி வந்தது பெரும்பாடு. அன்றைக்குப் பிடித்த நம்பிக்கைதான். அந்த சனிக்கிழமை அவளுக்குக் கடைவாய்ப் பல் வலி. திங்கட்கிழமையே போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதை யார் கேட்டார்கள்?

இதை அவளிடம் மட்டும் சொல்லிவிடக் கூடாது என்று ஊர் கூடிப் பேசி வைத்துக்கொண்டது. தெரிந்தால் குரலைப் பார்த்துப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுவாள், இருக்கிற வரமும் போய்விடும் என்று பயம். ஒரு வீட்டில் புதுத் திரைச்சீலை வாங்கினால், அதைக் கம்பியில் மாட்டுவதற்குள் நாலு வீட்டில் குறை சொல்லி முடித்துவிடுகிற ஊர் அது. அப்படிப்பட்ட ஊர் இந்த ஒரு ரகசியத்தை இத்தனை வருஷம் கட்டிக் காத்தது. அவளுடைய புருஷனும் சொல்லவில்லை. அவன் சொல்லாதது பெரிய விஷயமே இல்லை. அவனும் படகுக்காரன்தான், ஊர் அவனுக்கு வைத்த பெயர் மௌனி. காலையில் ஒரு வார்த்தை, சாயங்காலம் ஒரு வார்த்தை, விசேஷ நாளென்றால் மூன்று.

இத்தனை நாளும் இந்த நம்பிக்கை பொய்த்துப் போகாததற்கும் காரணம் இருந்தது. காற்று கெடும் என்று காகிதத்தில் இருந்தால், புருஷன் கடலில் இருக்கிறவளுக்குக் குரல் தானாகவே கனக்கும். வெயில் என்று இருந்தால் தானாகவே லேசாகும். சொல்லும் குரலும் வாரா வாரம் ஒரே வண்டியில் போய்க்கொண்டிருந்தன. இந்த வசந்தத்தில்தான் அது குடைசாய்ந்தது.

கரையில் வசந்தம் வந்துவிட்டிருந்தது. கடலுக்கு இன்னும் யாரும் போய்ச் சொல்லவில்லை. தெருவில் கல் சுடும், தண்ணீரில் கால் வைத்தால் விறைக்கும். வேலி ஓரமெல்லாம் மஞ்சள் பூ. ஜன்னலைத் திறந்து வைத்தால் வெதுவெதுப்பான காற்று வந்து கட்டில்மேல் சாவகாசமாகப் படுத்துக்கொள்ளும். அப்படி ஒரு காலையில்தான் அவள் குளிக்கும்போது, இடது மார்பில் கைக்கு ஏதோ தட்டுப்பட்டது. ஒரு கட்டி. மறுபடி தொட்டுப் பார்த்தாள். இருந்தது. சோப்பு நுரை காய்கிற வரைக்கும் அப்படியே நின்றாள்.

புருஷனிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அவளுடைய அம்மா போனது இப்படித் தொடங்கிய ஒரு கட்டியில்தான். வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும், சொல்லாத வரைக்கும் கைக்குத் தட்டுப்பட்ட வெறும் பொய்யாகவே இருக்கும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம் அவளுக்கு.

அந்த சனிக்கிழமை அவள் வாசித்த அறிக்கை, வசந்தத்திலேயே அருமையான வாரம். வெயில், இதமான தென்றல், தட்டையான கடல். அவள் ஒரு வார்த்தை தப்பாமல் வாசித்தாள். கீழே நின்றவர்களுக்கு மயிர்க்கூச்செடுத்தது. யாரோ இழவு சொல்வதுபோல இருந்தது என்று அப்புறம் பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமையே படகுகளை உள்ளே இழுத்து, கயிறு இரட்டையாகக் கட்டி, ஜன்னல் பலகையெல்லாம் அடித்துவிட்டார்கள்.

அப்புறம் என்ன, வாரம் முழுக்கத் தங்கம் தங்கமாக வெயில். கடல் பாயை விரித்ததுபோலக் கிடந்தது. மீன் கூட்டம் துறைமுகத்து வாசல் வரைக்கும் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனது. ஆண்கள் கரையில் உட்கார்ந்து, ஏற்கெனவே சாயம் அடித்த படகுக்கே மறுபடி சாயம் அடித்தார்கள். வரும் வரும், இப்போது வந்துவிடும் என்று வானத்தையே பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். வீட்டுப் பெண்களோ, காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் காலில் இடறுகிற புருஷன்மாரை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது என்று தெரியாமல் தவித்தார்கள்.

மௌனியும் வீட்டிலேயே கிடந்தான். அலமாரிக் கதவின் கீலைக் கழற்றி எண்ணெய் விட்டான். அதை மாட்டிவிட்டு மறுபடி கழற்றினான். அவள் சமையலறைக்குப் போனால் அங்கே வந்து நின்றான். மாடிக்குப் போனால் படியில் உட்கார்ந்தான். தன் கவலையில் ஊர்ப் படகெல்லாம் கட்டிக் கிடப்பது அவள் கண்ணில் படவில்லை, இவன் ஒருவன் நிற்பதுதான் பட்டது; எரிச்சல் தலைக்கேறியது. யாருக்கும் தெரியாமல் போய்க் காட்டியிருந்த பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில், கட்டியில் ஊசி குத்திக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதிக்க நாள் கொடுத்திருந்தார்கள். இவன் தொலைந்தால்தானே கிளம்ப முடியும்! கடல் கண்ணாடி மாதிரி கிடக்கிறது, ஆம்பளை இப்படி வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறீர்களே, வெட்கமாக இல்லையா என்று வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் கேட்டுக்கொண்டு நின்றான். கடைசியில், கூடப் படித்தவளைப் பார்க்கப் போகிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

அடுத்த சனிக்கிழமை காலையில் முடிவு சொன்னார்கள். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததும் இவள் மடியிலிருந்த பையை இறுக்கிக்கொண்டாள். அந்த அம்மாள் சாவகாசமாகக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, அது வெறும் கொழுப்புக் கட்டி, ஒன்றும் செய்யாது, அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். இவள் மறுபடி கேட்டாள். மறுபடியும் அதையே சொன்னாள். மூன்றாவது முறை கேட்டதற்கு, வேண்டுமானால் எழுதித் தரட்டுமா என்று சிரித்தாள்.

திரும்பி வந்த பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சாலை கடலை ஒட்டியே வரும். வெயிலில் எல்லாமே கொஞ்சம் மிதந்தது. கம்பியில் காய்ந்த துணிகள், தூங்குகிற நாய், நடு வயலில் யாரோ விட்டுவிட்டுப் போன நாற்காலி, எல்லாம் அவளுக்காகவே யாரோ கழுவி வைத்த மாதிரி இருந்தது. முன் சீட்டுக் குழந்தை திரும்பி நாக்கை நீட்டியது. இவளும் நீட்டினாள். இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய் இறங்கி, மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள்.

அலுவலகத்தில் காகிதம் காத்துக்கொண்டிருந்தது. நேரமாகிவிட்டது. அவசர அவசரமாக எழுதி, மூச்சு வாங்க மைக் முன்னால் உட்கார்ந்தாள். ஞாயிறும் திங்களும் வெயில். செவ்வாய் காற்று தெற்கே திரும்பும். புதன்கிழமை சூடான காற்று குளிர்ந்த கடல்மேல் வந்து, மத்தியானத்துக்கு மேல் கெட்டியான மூடுபனி இறங்கும். அது இரண்டு மூன்று நாள் கலையாது. கை நீட்டும் தூரம்கூடத் தெரியாது, தூரக் கடலுக்கு யாரும் போக வேண்டாம்.

இதைத்தான் வாசித்தாள். ஆனால் எப்படி வாசித்தாள்! குரலில் தேன் வழிந்தது. 'மூடுபனி' என்றபோது கல்யாணப் பெண்ணை வர்ணிக்கிற மாதிரி இருந்தது. 'போக வேண்டாம்' என்ற இடத்தில் சிரிப்பே வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். கீழே ஒவ்வொரு முகமாக மலர்ந்தது. தூரக் கடலில் புதன்கிழமை அள்ள அள்ள மீன்தான் என்று சிவப்புத் தொப்பிக்காரர் சொன்னார். படகுக்காரர்களில் மூத்தவர் அவர். அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

அந்த வாரம் அவள் தூங்கிய தூக்கம் இருக்கிறதே, அப்படி ஒரு தூக்கத்தை அவள் வாழ்க்கையில் தூங்கியதில்லை. அலுவலகம், வீடு, தூக்கம். கனவில்கூட யாரும் பேசவில்லை. மௌனி அவளைப் பார்த்தபடி இருந்தான், சாயங்கால வார்த்தையோடு இன்னொன்றும் சேர்த்துச் சொன்னான். புதன்கிழமை விடியுமுன் அவன் எழுந்தது, போர்வையை அவள் தோள்வரை இழுத்துவிட்டது எல்லாம் தூக்கத்தின் அந்தப் பக்கத்தில் யாருக்கோ நடந்ததுபோல இருந்தது. கரையோரமாக வலை போட்டுவிட்டு மத்தியானத்துக்குள் வந்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டு புரண்டு படுத்தாள்.

வெயில் ஏறின பிறகுதான் வேலைக்குக் கிளம்பினாள். இறக்கத்தில் திரும்பியதும் துறைமுகம் தெரியும். தெரிந்தது. ஒரு படகுகூட இல்லை. தண்ணீர் மட்டும் பளபளவென்று, பெருக்கிவிட்ட கூடம் மாதிரி கிடந்தது.

கரையில் காப்பிக் கடை வைத்திருந்தவள் அவளுடைய நாத்தனார், மௌனியின் தங்கை. அண்ணன் பேசாத பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசுவதற்கென்றே பிறந்தவள். வானிலை அக்கா போன வேகத்தைப் பார்த்து, என்ன அண்ணி, தூக்கம் கலைந்துவிட்டதா, மணி என்ன தெரியுமா என்று கேலியாகத்தான் ஆரம்பித்தாள். படகெல்லாம் எங்கே என்று இவள் கேட்டாள். தூரக் கடலுக்கு, வேறெங்கே என்றாள் நாத்தனார், கோப்பையைத் துடைத்துக்கொண்டே.

"பனி வரும், போகாதீங்கன்னு நான்தானே வாசிச்சேன்?"

"வாசிச்சீங்க அண்ணி. ஆனா எப்படி வாசிச்சீங்க?"

சொன்ன பிறகுதான் நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இனிக் கடித்து என்ன பிரயோஜனம்? வானிலை அக்கா விடவில்லை. பல் வலியிலிருந்து ஆரம்பித்து, கண்ணை மூடிக்கொள்வது, போன வாரம் கயிறு கட்டியது, இந்த வாரம் கிளம்பியது என்று எல்லாம் வெளியே வந்தது. இத்தனை வருஷம் ராத்திரி பகலாக வார்த்தை தேடி எழுதினேனே, ஒரு பாவிகூடக் கேட்கவில்லையா என்று முதலில் கோபம்தான் வந்தது. கோபம் வந்த வேகத்திலேயே போய், அங்கே பயம் வந்து உட்கார்ந்தது. நான் சந்தோஷமாக இருந்தேன், அதற்காக இவர்கள் எல்லாரும் பனிக்குள் போய்விட்டார்கள். அவரும் போய்விட்டார்.

அவள் கடலைப் பார்த்தாள். அடிவானம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக, நீளமாக, தாழ்வாக ஏதோ படுத்திருந்தது. பார்த்தால் அவ்வளவு அழகு. இன்னும் தூரத்தில்தான் இருந்தது, ஆனால் நகர்ந்துகொண்டிருந்தது.

மாடியில் துறைமுக அதிகாரி ஒயர்லெஸ் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர், சட்டை முழுக்க வேர்வை. காலையிலிருந்து அவசர எச்சரிக்கை விட்டுக்கொண்டிருக்கிறேன், ஒருவன்கூட மதிக்கவில்லை என்றார். அவரும் இந்த வசந்தத்தில் மூன்று முறை அவசர எச்சரிக்கை விட்டு, மூன்று முறையும் ஒரு தூறல்கூட விழவில்லை. அதனால் அவர் குரல் கேட்டாலே படகுகளில் பெட்டியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள்.

அவள் மைக்கை வாங்கினாள். கடலுக்கும் கரைக்கும் ஒரே மைக்தான். இங்கே பேசினால் படகுகளில் ஒயர்லெஸ்ஸிலும் கேட்கும், துறைமுகத்து ஒலிபெருக்கியிலும் கேட்கும். பனி வந்துகொண்டிருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன், உடனே திரும்புங்கள் என்றாள். உயிரே குரலில்தான் இருந்தது. ஆனால் ஒயர்லெஸ்ஸில் குரலா போகும்? எவ்வளவு நடுங்கினாலும் அந்தப் பக்கம் தகர டப்பாவை உருட்டுகிற மாதிரிதான் கேட்கும். சொல் போகும், குரல் போகாது.

கொஞ்ச நேரம் கரகரப்பு. அப்புறம் சிவப்புத் தொப்பிக்காரர் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். அக்கா, அதிகாரி சொல்லச் சொன்னார், நீங்கள் சொல்கிறீர்கள், வேலை என்றால் அப்படித்தான், நாங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்றார். இங்கே வெயில் கொளுத்துகிறது, மீன் வலையைக் கிழிக்கிறது என்றார்.

"சனிக்கிழமை உங்க குரல்லயே எங்களுக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு அக்கா. அது போதும்."

அவள் கையில் மைக் கனத்தது. இவர்களைத் திருப்ப ஒரே வழிதான் இருந்தது, அது அவளுக்குத் தெரிந்தது. வெளியே ஜன்னலுக்குக் கீழே நாத்தனார், வலை தைக்கிறவர்கள், துணி காயப்போட வந்தவர்கள் எல்லாம் ஒலிபெருக்கியைப் பார்த்து அண்ணாந்து நின்றார்கள். அதிகாரி கையைப் பிசைந்துகொண்டு பக்கத்தில் நின்றார். மார்பு என்ற வார்த்தையை இத்தனை பேர் காதுபடச் சொல்ல வேண்டும். புருஷனிடமே சொல்லாததைச் சொல்ல வேண்டும். வெட்கத்தில் காது மடல் எரிந்தது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு பட்டனை அமுக்கினாள்.

"நான் சொல்றதை எல்லாரும் கேளுங்க. இந்தத் தடவை குரலை விடுங்க, வார்த்தையைக் கேளுங்க. போன வாரத்துக்கு முந்தி எனக்கு மார்புல ஒரு கட்டி தெரிஞ்சுது. எங்கம்மா அதுலதான் போனாங்க. நானும் போயிடுவேன்னு நினைச்சேன். அந்தப் பயத்துலதான் முந்தின சனிக்கிழமை அப்படி வாசிச்சேன், வானத்துல ஒண்ணும் இல்ல. இந்த சனிக்கிழமை காலைல டாக்டர் ஒண்ணும் இல்லேன்னு சொல்லிட்டாங்க. அந்த சந்தோஷத்துல வந்து வாசிச்சேன். நீங்க கேட்டது என் சந்தோஷம். உங்க கடலைப் பத்தி என் குரலுக்கு எதுவும் தெரியாது. எப்பவுமே தெரிஞ்சதில்ல. பனி நெஜம். தயவுசெஞ்சு திரும்பி வந்துடுங்க."

பட்டனை விட்டாள். பெட்டியில் வெறும் இரைச்சல். அதிகாரி தரையைப் பார்த்துக்கொண்டு, யாரும் கேட்காமலேயே நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

சிவப்புத் தொப்பிக்காரர்தான் முதலில் வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, திரும்புகிறோம் அக்கா என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. அப்புறம் ஒவ்வொரு படகாகப் பதில் வந்தது. திரும்பறோம். திரும்பறோம் அக்கா. வலையை அறுத்துட்டோம், வந்துட்டிருக்கோம். அதிகாரி ஒவ்வொன்றுக்கும் விரலை மடக்கினார். ஒரு விரல் பாக்கி நின்றது. மௌனியின் படகு.

அவள் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். ஒருமுறை பட்டன் அமுங்குகிற 'டக்' சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் அவனுடையதா என்று தெரியவில்லை.

பனி மத்தியானத்துக்கெல்லாம் கரைக்கு வந்துவிட்டது. அது ஆர்ப்பாட்டமாக வரவில்லை. தண்ணீர்மேல் நடந்து வந்து, படிக்கட்டில் ஏறி, கட்டிப்போட்ட கயிறுகளைத் தடவிப் பார்த்து, காப்பிக் கடைக்குள் நுழைந்து மேஜைகளுக்கு நடுவே நின்றது. தெருவில் இருந்தவர்கள் இடுப்புக்குக் கீழே காணாமல் போனார்கள். வெயில் எங்கேயோ மேலே இருந்தது, அதனால் எல்லாம் பால் நிறத்தில் ஒளிர்ந்தது. நாத்தனார் கரை ஓரத்தில் பெரிய அண்டாவைக் கவிழ்த்து வைத்துக் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தாள். துறைமுகத்துச் சங்கு ஊதுகிற சத்தமும் அண்டா சத்தமும் பனிக்குள் போய், யாரோ தூக்கத்தில் முனகுகிற மாதிரி திரும்பி வந்தன. வானிலை அக்கா படித்துறையின் கடைசிக் கல்லில் போய் நின்றாள்.

படகுகள் வந்தன. முதலில் இயந்திரச் சத்தம், அப்புறம் பேச்சுக் குரல், கடைசியில் கையெட்டும் தூரத்தில் படகின் மூக்கு. வந்து இறங்கினவர்கள் யாரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. சிவப்புத் தொப்பிக்காரர் மட்டும் தொப்பியைக் கழற்றி, கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டே, அவளுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நின்றார். மற்றவர்களும் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றார்கள். என் சந்தோஷத்தில் மண் விழ, அதை நான் வீட்டுக்குள் வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா என்று அவள் தன்னையே சபித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து மடியில் கட்டிக்கொண்டு வந்த என் உயிரை அவனுக்குப் பதிலாக எடுத்துக்கொள் என்று யாரிடம் சொல்வது என்று தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. நாத்தனார் சட்டென்று அண்டா அடிப்பதை நிறுத்தினாள். அண்ணன் இயந்திரத்தின் இருமல் அவளுக்குத் தெரியும். வந்துட்டான் என்று சொல்லிவிட்டு, கரண்டியைப் போட்டுவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

மௌனி கயிற்றைக் கட்டினான். படகிலிருந்து ஏறி வந்து அவளுக்கு எதிரே நின்றான். சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பனிக்குள் விலகிப் போனார்கள். சிவப்புத் தொப்பிக்காரர் நாத்தனாரைத் தோளைப் பிடித்துக் கூட்டிப் போனார்.

"ஊருக்கெல்லாம் சொன்னே," என்றான். "எனக்கும் ஒயர்லெஸ்லதான் சொன்னே."

கோபம்தான். அவன் கோபப்பட்டு அவள் பார்த்ததே இல்லை. சொல்ல நினைத்தேன், சொன்னால் நிஜமாகிவிடுமோ என்று பயந்தேன், ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் ஒன்றும் இல்லாததை எதற்குச் சொல்வது என்று இருந்துவிட்டேன் என்று முன்னும் பின்னுமாக என்னவோ சொன்னாள். ஏன் பதில் சொல்லவில்லை, உயிர் போய் உயிர் வந்தது என்றும் கேட்டாள். பட்டனை அமுக்கினேன், வாய் வரவில்லை என்றான் அவன்.

"போன வாரம் நான் ஏன் கடலுக்குப் போகல, தெரியுமா?"

தெரியும் என்றாள். உங்கள் தங்கை எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், என் குரலைக் கேட்டுப் புயல் வரும் என்று எல்லாரையும் மாதிரி நீங்களும் நினைத்திருப்பீர்கள் என்றாள்.

"புயல்னு அவங்க நினைச்சாங்க. உன் பக்கத்துல இத்தனை வருஷம் படுத்து எழுந்திருக்கேன், எது காத்து, எது நீன்னு எனக்குத் தெரியாதா? உனக்கு என்னமோ ஆயிடுச்சு, என்கிட்ட மறைக்கறேன்னு அப்பவே தெரிஞ்சுது. உன்னை அப்படி விட்டுட்டு எங்க போவேன்?"

அவள் அந்த வாரம் அவனைத் திட்டிய திட்டெல்லாம் ஒவ்வொன்றாக அவள் காதிலேயே வந்து விழுந்தது. கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றாள்.

"கேட்டா, 'ஒண்ணும் இல்ல'ன்னு அழகா வாசிச்சிருப்பே."

அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். ஈரச் சட்டையிலிருந்து நீர் சொட்டியது. அவனுடைய ஒரு மாத வார்த்தை இன்றைக்கே செலவாகிவிட்டது, இன்னும் நிற்கவில்லை. சனிக்கிழமை அவள் குரல் பழையபடி வந்தபோது, பனி என்று அவள் சொன்னது காதில் விழுந்ததாம், ஆனால் மனசில் ஏறவே இல்லையாம். என் பெண்டாட்டி நன்றாக இருக்கிறாள் என்பது ஒன்றுதான் கேட்டதாம். அந்தத் தெம்பில் படகை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டானாம். சொல்லிவிட்டு அவன் மூக்கை உறிஞ்சினான். அப்போதுதான் அவன் அழுதுகொண்டிருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"இப்ப சொல்லு," என்றான். "முதல்லேர்ந்து. அவங்களுக்குச் சொன்ன மாதிரி வேண்டாம்."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். குளிக்கப் போனதிலிருந்து வரிசையாகச் சொல்லத்தான் நினைத்தாள். வாரா வாரம் வார்த்தை தேடிக் கோர்க்கிறவளுக்கு அன்றைக்கு ஒன்றுகூட வரிசையில் வந்து நிற்கவில்லை. குரல் எங்கெங்கோ போய் உடைந்தது. அவள் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ரொம்ப பயமா இருந்ததுங்க," என்றாள்.